ஷாத்தோ கையாரின் அகழியில் கிடந்த சனம்

பிரான்சில் இருக்கும் ஷாத்தோ கையார் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அங்கேதான் தொடங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்த மலையில் மதிலும் இல்லை, 1203 குளிர்காலத்தில் மதிலின் காலடியில் பட்டினி கிடந்து செத்த சனமும் இல்லை. இந்தப் பதிவை எழுதுவது அந்தச் சனத்துக்காக.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். பாரிஸில் இருந்து வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர். ரூவான் நகரை நோக்கிப் போகும் செய்ன் நதி, லெ ஆந்தலி என்ற சின்ன ஊரருகே பெரியதொரு வளைவு எடுக்கிறது. வளைவின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. ஆற்றில் இருந்து ஏறக்குறைய 90 மீற்றர் உயரத்தில், அந்தப் பாறையின் மூக்கில், கோட்டை நிற்கிறது. கீழே இரண்டு ஊர்கள்: உள்ளே தள்ளிப் பழைய பெரிய ஆந்தலி, ஆற்றங்கரையில் சின்ன ஆந்தலி. சின்ன ஆந்தலியும் ரிச்சர்ட் உண்டாக்கிய ஊர்தான். கோட்டையோடு சேர்த்துத் திட்டம் போட்டுக் கட்டி, ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மன்னரே, ரூவானைத் தலைநகராகக் கொண்ட வட பிரான்சின் நோர்மண்டிக்கும் டியூக், அதாவது கோமகன். பிரான்சின் மன்னர் பிலிப் ஒகுஸ்துக்கு அது தொண்டையில் மாட்டிய முள். ரிச்சர்ட் சிலுவைப் போரில் இருந்து திரும்பும் வழியில் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, பிலிப் எல்லையோரக் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டார். முக்கியமானது ஜிசோர். அது போனதால் ரூவானுக்குப் போகும் வழி திறந்து கிடந்தது. 1196 ஜனவரியில் இரண்டு மன்னர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். ஆந்தலியில் யாரும் அரண் கட்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதே வருடம் ரிச்சர்ட் அங்கேயே கட்டத் தொடங்கினார்.

நிலமும் அவருடையது அல்ல. அது ரூவான் பேராயர் வோல்ட்டர் டி கூத்தான்ஸின் சொத்து. பேராயர் கோபத்தில் நோர்மண்டி முழுவதும் தேவாலயச் சடங்குகளை நிறுத்திவிட்டார். அடக்கம் செய்ய வழியில்லாமல் பிணங்கள் தெருக்களில் கிடந்தன என்று அக்கால வரலாற்றாசிரியர் ரோஜர் ஆஃப் ஹவுடன் எழுதியிருக்கிறார். வழக்கு பாப்பரசர் மூன்றாம் செலெஸ்தீன் வரை போனது. 1197 அக்டோபரில் ரிச்சர்ட் தியெப் துறைமுகத்தையும் வேறு சில சொத்துகளையும் பேராயருக்குக் கொடுத்து முடித்துக்கொண்டார். இரண்டு பெரியவர்கள் ஒரு மலைக்காகச் சண்டை பிடித்ததற்கு, செத்த வீட்டுக்காரர் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கோட்டையின் வரலாற்றில் சாதாரண சனம் முதன்முதலில் தலைகாட்டுவது இந்த இடத்தில்தான்.

கட்டிய வேகத்தை இன்றைக்கும் நம்புவது கடினம். 1196 முதல் 1198 வரை, இரண்டே வருடத்தில் பெரும்பகுதி முடிந்தது. செலவு ஏறக்குறைய 12,000 பவுண். ரிச்சர்ட் தன் ஆட்சிக் காலம் முழுவதும் இங்கிலாந்தில் இருந்த கோட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழித்தது ஏறக்குறைய 7,000 பவுண்தான். செலவுக் கணக்கின் பதிவேடு மிஞ்சியிருக்கிறது. கல் வெட்டியவர்கள், பாறையைக் குடைந்து அகழி தோண்டியவர்கள், சுண்ணாம்பு சுட்டவர்கள், தச்சர்கள், கொல்லர்கள், வண்டிக்காரர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வேலை செய்பவர்களைக் காவல் காத்த படைவீரர்கள் என்று எல்லா வகை ஆட்களுக்கும் கொடுத்த கூலி அதில் இருக்கிறது. தலைமைக் கொத்தனார் என்று ஒருவரைக் காணோம். அதனால் ரிச்சர்டே கோட்டையின் சிற்பி என்று பலர் எழுதுகிறார்கள். மேற்பார்வை அவருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாறையில் உளி பிடித்த கை அவருடையது அல்ல. அகழிக்குள் இறங்கி, வெட்டிய பாறையின் முகத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கோட்டை அது என்று விளங்கும். சுண்ணாம்புப் பாறை மெதுவானதுதான். இடையிடையே சக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காக ஓடுகிறது. அதில் பட்டால் உளி தெறிக்கும்.

கோட்டை மூன்று துண்டு. ஆற்றுப் பக்கம் செங்குத்து. பக்கத்துப் பீடபூமியோடு சேரும் தென்கிழக்கு முனையால்தான் எதிரி வர முடியும். அந்த முனையில் முக்கோண வடிவில் ஓர் அரண், மூலைகளில் வட்டக் கொத்தளங்கள். அதற்குப் பின்னால் பாறையில் வெட்டிய ஆழமான அகழி. அகழிக்கு அப்பால் நடுக்கோட்டை. கிணறும் சிற்றாலயமும் அங்கே. அதற்குள் இன்னொரு அகழி, அதற்கப்பால் உட்கோட்டை, அதற்குள் பெரிய கோபுரம். உட்கோட்டையின் மதில் நேராகப் போகாது. அரைவட்டம் அரைவட்டமாகப் பொங்கி, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும். எறிகல் எங்கே பட்டாலும் வழுக்கிப் போக வேண்டும், மதிலோடு ஒட்டி ஒளிந்து நிற்க எதிரிக்கு மூலை கிடைக்கக் கூடாது. அந்த அலைமதிலின் பெரிய பகுதி இன்றும் நிற்கிறது. நான் பார்த்த கோட்டைச் சுவர்களில் இதைவிட அழகானது வேறு இல்லை. இப்படிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அழகானதைச் செய்தவர்களும் மனிதர்கள்தானே.

மதில் இரும்பாக இருந்தாலும் பிடிப்பேன் என்று பிலிப் சொன்னாராம். வெண்ணெயாக இருந்தாலும் காப்பேன் என்று ரிச்சர்ட் திருப்பிச் சொன்னாராம். அந்தச் சவால் நடக்கவே இல்லை. 1199 ஏப்ரலில், தெற்கே ஷாலூஸ் கோட்டையடியில், அம்புக் காயத்தில் ரிச்சர்ட் செத்துப்போனார். தம்பி ஜோன் மன்னரானார்.

1203 ஆகஸ்டில் பிலிப் வந்தார். கோட்டையைப் பிடிக்க முதலில் ஆற்றைப் பிடிக்க வேண்டும். ஆற்று நடுவில் இருந்த தீவிலும் ரிச்சர்ட் அரண் கட்டியிருந்தார். படகுகளைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே அடித்திருந்த மரக்கட்டை வேலியை பிலிப்பின் ஆட்கள் வெட்டித் திறந்தார்கள். ஜோன் உதவிப் படை அனுப்பினார்: இரவோடு இரவாகத் தரைவழியே ஒரு படை, ஆற்று வழியே உணவு ஏற்றிய படகுகள், இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆற்று ஓட்டத்தைத் தப்பாகக் கணக்கிட்டதில் படகுகள் பிந்திவிட்டன. தரைப்படை தனியாக மாட்டியது, பிறகு வந்த படகுகளும் தனியாக மாட்டின. அப்புறம் மாந்த் ஊரைச் சேர்ந்த கோபேர் என்ற நீச்சல்காரர், அடைத்த பானைகளில் நெருப்பை எடுத்துக்கொண்டு நீந்திப் போய்த் தீவு அரணின் வேலிக்குத் தீ வைத்தார். தீவு போனது. சின்ன ஆந்தலிச் சனம் வீடு வாசலை விட்டுவிட்டு மலையேறி ஓடியது. கோட்டைக் கதவு திறந்து எல்லோரையும் உள்ளே எடுத்தது.

உள்ளே வந்த பொதுமக்கள் 1,400க்கும் 2,200க்கும் இடையில் என்று கணக்கிடுகிறார்கள். கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி, இங்கிலாந்துக்காரர், கெட்டிக்காரர். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிற மாதிரி உணவு சேர்த்து வைத்திருந்தார். அது படைக்கான கணக்கு. சனம் சேர்ந்தவுடன் கணக்கு உடைந்தது. ஆகவே சனத்தை வெளியே அனுப்பத் தொடங்கினார். முதல் தடவை ஏறக்குறைய 500 பேர், வயதானவர்களும் நோயாளிகளும். முற்றுகையிட்டவர்கள் வழிவிட்டார்கள். பிறகு இன்னொரு 500 பேர். அவர்களும் போனார்கள். அந்த நேரம் பிலிப் அங்கே இல்லை. கேள்விப்பட்டதும் ஆள் அனுப்பி, இனி ஒருவரையும் விடக் கூடாது என்று கட்டளையிட்டார். கோட்டைக்குள் வாய்கள் கூடினால்தான் உணவு சீக்கிரம் முடியும் என்பது அவருடைய கணக்கு.

மூன்றாவது கூட்டம் வெளியே வந்தது. குறைந்தது 400 பேர். அதைவிட மிகக் கூட என்றும் சொல்கிறார்கள். பிரெஞ்சு வரிசையில் இருந்து அம்பு பறந்தது. திரும்பி ஓடிவந்தால் கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் வெளியே வந்தபோதே உள்ளே இருந்தவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு குளிர்காலத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் அந்தச் சனம் மதிலுக்கும் முற்றுகைக்கும் நடுவில், அகழிகளிலும் பாறைப் பொந்துகளிலும் கிடந்தது.

இதை எழுதி வைத்தவர் குயோம் லெ பிரெத்தோன், பிலிப்பின் சொந்தக் குருவானவர். முற்றுகையில் கூடவே இருந்தவர். புல்லையும் இலையையும் தின்றார்கள் என்கிறார். கோட்டைக்குள் இருந்தவர்கள் நாய்களைத் துரத்திவிட்டபோது அவற்றைப் பிடித்துத் தின்றார்கள். மதிலைத் தாண்டிப் பறந்து விழுந்த ஒரு கோழியை இறகோடு தின்றார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையைப் பற்றியும் எழுதுகிறார். அதை நான் இங்கே எழுதவில்லை.

1204 பெப்ரவரியில் பிலிப் திரும்பி வந்து சுற்றிப் பார்த்தபோது, உயிரோடு இருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். சாப்பாடு கொடுத்துப் போகவிடச் சொன்னார். ஓர் ஆள் கையில் நாயின் தொடை இருந்தது. எறி என்று சொன்னார்கள். பாண் கைக்கு வரும்வரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தான். அரைவாசிக்கு மேல் அதற்குள் செத்துவிட்டார்கள். மிஞ்சியவர்களிலும் பலர், ஒட்டிய வயிற்றுக்குத் திடீரென்று சாப்பாடு போனதில் செத்தார்கள்.

எனக்குப் பதினொரு வயதில், 1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் இருந்து தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட சனத்தில் எங்கள் குடும்பமும் இருந்தது. மழை. நாவற்குழிப் பாலம் தாண்டும் வரை அடி அடியாகத்தான் நகர்ந்தோம். அம்மம்மாவை அப்பா சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். பயங்கரம்தான். ஆனாலும் எங்களுக்கு முன்னால் ஒரு பாதை இருந்தது, பாதை முடிவில் கொடிகாமத்தில் கதவைத் திறந்து வைத்த வீடு இருந்தது. 2009இல் வன்னியில் என் சொந்தக்காரர் சிலர் இருந்த இடத்தில் பாதையும் இல்லை, கதவும் இல்லை. 800 வருடத்துக்கு முந்திய இந்தச் சனத்தைப் பற்றி முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் அதனதன் கணக்கு உண்டு. நான் ஏன் கோபுரத்தை விட்டுவிட்டு அகழியைப் பார்க்கப் போகிறேன் என்பதற்குக் காரணம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்காலப் போர் வழக்கம் அப்படித்தான், லேசியையும் பிலிப்பையும் இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. குயோம் எந்தக் காலத்து ஆள்? அதே காலத்து ஆள், அதே பாசறையில் இருந்தவர், மன்னரைப் புகழ்வதுதான் அவர் வேலை. அவராலேயே அந்த அகழியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. முதல் இரண்டு கூட்டங்களுக்கு வழிவிட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களும் அக்காலத்து ஆட்களே. கட்டளை வரும்வரை அவர்களுக்குத் தெரிந்த வழக்கம் வேறாக இருந்திருக்கிறது.

கோட்டை விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எல்லா இடத்திலும் கிடைக்கும். முனை அரணின் கொத்தளத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்தார்கள். நடுக்கோட்டைக்குள் நுழைந்தது போஜி என்ற சிப்பாயும் கூட்டாளிகளும். மலக்குழாய் வழியாக ஏறினார்கள் என்ற கதைதான் பிரபலம். குயோமின் கவிதையில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிச் சன்னல் வழியாக நுழைகிறார்கள். அந்தச் சன்னல் இருந்த கட்டடம் ரிச்சர்டின் திட்டத்தில் இல்லை, ஜோன் பிறகு சேர்த்தது. உட்கோட்டை வாசலுக்கு முன்னால் அகழியை முழுதாக வெட்டாமல் பாலமாக விட்டிருந்த பாறை, அடியில் தோண்டியவர்களுக்கே மறைப்பாகப் போனது. 1204 மார்ச் 6இல் மிஞ்சியிருந்த வீரர்கள் சரணடைந்தார்கள்: 20 குதிரை வீரர்கள், 120 போல மற்றவர்கள். ஜூன் மாதம் ரூவானும் விழுந்தது. நோர்மண்டி பிரான்சோடு சேர்ந்தது.

லேசி பிடிபட்டாலும் மரியாதையாக நடத்தப்பட்டார். அவருடைய மீட்புப் பணத்துக்கு ஜோன் மன்னரிடமிருந்து 1,000 பவுண் வந்தது. ஊருக்குத் திரும்பிப் பதவிகளும் வகித்தார். அகழியில் செத்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

பிறகு கோட்டைக்குப் பல வாழ்க்கை. 1314இல் பிரெஞ்சு அரச குடும்பத்து மருமகள்கள் மார்கரித்தும் பிளான்ஷும் கள்ள உறவுக் குற்றச்சாட்டில் இங்கே அடைக்கப்பட்டார்கள். மார்கரித் அடுத்த வருடமே இங்கே செத்தார். 1334 முதல் சில வருடங்கள் ஸ்கொட்லாந்தின் சிறுவயது மன்னர் இரண்டாம் டேவிட் இங்கே அடைக்கலம் இருந்தார். நூறாண்டுப் போரில் 1419இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, கிணற்றில் தண்ணீர் அள்ளும் கயிறுகள் தேய்ந்து அறுந்ததால் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். அவ்வளவு மதில், அவ்வளவு பணம், கடைசியில் கயிறு. 1599இல் நான்காம் ஹென்றி இடித்துவிடச் சொன்னார். கொள்ளைக்காரர் பிடித்துக்கொள்வார்கள் என்று நோர்மண்டிக்காரரே பயந்து கேட்டிருந்தார்கள். பக்கத்து மடங்களுக்குக் கல் எடுக்க அனுமதி கிடைத்தது. 1862இல் பிரெஞ்சு அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

இப்போது மிஞ்சியிருப்பது: தலை போன பெரிய கோபுரம், அலைமதில், முனை அரணில் உயரமாக நிற்கும் ஒரு கொத்தளத் துண்டு, ஆங்காங்கே அடிமதில்கள், பிறகு அகழிகள். மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். பாறையில் வெட்டிய பள்ளத்தை யாராலும் கொண்டுபோக முடியாது. அதனால் 1204இல் இருந்ததற்கு இன்று மிகக் கிட்டவாக இருப்பது அகழிகள்தான். அகழிச் சுவரில் பாறையைக் குடைந்த நிலவறைகளும் இருக்கின்றன. வாயிலில் நின்றால் குளிர்ந்த காற்று முகத்தில் படும்.

நாங்கள் இருப்பது பிரான்சில். மகள் இங்கே நடுநிலைப் பள்ளியான கொலேஜில் ஐந்தாம் வகுப்பு. இங்கே வகுப்பு எண் இறங்கிக்கொண்டு வரும், எங்கள் கணக்கில் அது ஏழாம் வகுப்பு. இந்த நாட்டில் மத்திய கால வரலாற்றை அந்த வகுப்பில்தான் படிக்கிறார்கள். அவளுக்கு பிலிப் ஒகுஸ்த் பிரான்சைப் பெருப்பித்த மன்னர், அது உண்மையும்கூட. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவள், அகழிக்குள் இறங்கியதும் நின்றுவிட்டாள்.

"இதுக்குள்ளயா அப்பா அவை இருந்தவை?"

"ஓம். இதுக்குள்ளயும் இந்தச் சரிவிலயும்."

"மேல இருந்து பாத்துக்கொண்டே இருந்தவையோ?"

மேலே பார்த்தால் மதில் அவ்வளவு கிட்ட இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். உள்ளே இருந்த வீரர்களுக்கும் வெளியே கிடந்தவர்களுக்கும் ஒருவரை ஒருவர் முகம் தெரிந்திருக்கும். சில மாதம் ஒரே மதிலுக்குள் இருந்தவர்கள். வரைபடம் பார்க்கும்போது இது எனக்கு உறைக்கவில்லை, நேரே நின்றபோதுதான் உறைத்தது. அவளிடம், "ஓம், பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பினம்" என்றேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். உட்கோட்டைக்கும் கோபுரத்துக்கும் ரிக்கற் எடுக்க வேண்டும், குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். வெளிப்பக்கமும் அகழிகளும் வருடம் முழுக்க இலவசம். மேலே கார் நிறுத்தும் இடத்தில் இருந்து இறங்கி வருவது சுலபம், ஆனால் முடியுமானவர்கள் சின்ன ஆந்தலியில் இருந்து நடந்து ஏறுங்கள். அந்தச் சனம் ஓடிய திசை அதுதான். மழை பெய்தால் சுண்ணாம்பு மண் மிகவும் வழுக்கும், பிடிப்பான சப்பாத்து வேண்டும். குயோமின் லத்தீன் கவிதைக்கு 1825இல் வந்த பிரெஞ்சு உரைநடை மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஏழாம் பாகத்தில் இந்த முற்றுகை வருகிறது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் அதை எங்களைவிடச் சுலபமாக வாசிப்பார்கள். மகள் வாசித்து முடித்துவிட்டாள், நான் எழுதாமல் விட்ட பகுதியையும் சேர்த்து. எனக்கு விளங்காத வரிகளை இப்போது அவள்தான் சொல்லித் தருகிறாள்.